கண்ணிருந்தும் காணாமை

கண் காண்கின்றது என்பது உலக வழக்கு. கண்ணைக் கருவியாகக் கொண்டு உயிரே காண்கின்றது என்பது சித்தாந்தத் துணிபு. அவ்வுயிரும் பிறிதோர் உதவியின்றித் தானே காணவல்லதன்று. கண்ணுக்கு உயிர் காட்டிநிற்றல் போல, உயிருக்கு இறைவன் உடனிருந்து கண்டு காட்டிநிற்கின்றான் என்பது மெய்கண்டதேவர் சிவஞானபோதத்துப் பதினொராஞ் சூத்திரத்தில் அருளிய உண்மை. இவ்வளவும் சைவ நன்மக்கள் பலகாலும் ஓதியுங் கேட்டும் அறிந்ததே. ஆயின், கண்ணில் ஒளி விழுந்ததன் பின்னும் உயிர் காண்பதன் முன்னுமாக இடையே உடம்பினுள் நிகழ்வது யாது? அவ்விடைநிலைக் கருவி பழுதுற்றாற் காட்சி என்னாம்? இவ்வினாக்களை ஏட்டிலன்றி உடம்பிலேயே எழுப்பும் நோயொன்று உண்டு. அது தலையின் பின்புறத்தே, மூளையின் பிடரி மடலில் தோன்றும் புற்றுக்கட்டியாம்.

இந்நோயுற்றார்க்குக் கண் கெடுவதில்லை. பாவை தெளிந்திருக்கும், விழித்திரையும் நன்றாயிருக்கும், விளக்கை அணுகக் கொணர்ந்தாற் பாவை சுருங்கவுஞ் செய்யும். ஆயினும் எதிர்நிற்கும் உலகத்திற் பாதியை அவர் காணார். இஃது எவ்வாறு நிகழ்கின்றது, நிகழ்ந்தவழிச் செய்யத்தக்கது யாது, இதனையே சான்றாகக் காட்டி உயிரென ஒன்றில்லை என்பார்க்கு விடை யாது என்னும் மூன்றும் அறிந்துகொள்ளற்பாலன. முன்னிரண்டும் அறியாதார்க்கு உடம்பு கெடும். மூன்றாவது அறியாதார்க்குக் கொள்கைத் துணிவு கெடும்.

மாந்தர் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் நிறையுள்ளது. அதன் பெரும்பகுதி வலம் இடம் என இரு பாதியாய்ப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் நெற்றி மடல், உச்சி மடல், பொட்டு மடல், பிடரி மடல் என நான்காய் வகுக்கப்படும். இவற்றுட் பிடரி மடலே சிறியது. கண்ணுக்கு மிகவுஞ் சேய்த்தாய்த் தலையின் கடைக்கோடியிற் கிடப்பது. காட்சிக்கு முதன்மையான இடம் அதுவே. ஒவ்வொரு கண்ணினின்றும் ஏறக்குறையப் பத்து இலட்சம் இழைகள் கூடிய பார்வை நரம்பொன்று புறப்படுகின்றது. இரு நரம்புகளும் மூளையின் அடிப்புறத்தே கூடுமிடத்து, விழித்திரையில் மூக்கை அடுத்த பாதியினின்று வந்த இழைகள் மறுபுறத்திற்குக் கடக்க, பொட்டை அடுத்த பாதியினின்று வந்தவை தத்தம் புறத்தே செல்கின்றன. இதனால், வலப்பக்கத்து உலகை இரு கண்களும் கண்ட செய்தி முழுதும் இடப்புற மூளைக்கும், இடப்பக்கத்து உலகைக் கண்ட செய்தி முழுதும் வலப்புற மூளைக்குஞ் சென்று சேரும். தலாமசு என்னும் நடுநிலையத்தில் ஒருமுறை தங்கிய பின்னர், பிடரி மடலின் உட்புறத்துள்ள கால்கரைன் என்னும் பிளவின் இரு கரைகளிலும் அச்செய்தி பரவும். காட்சியின் மேற்பாதி கீழ்க்கரையிலும், கீழ்ப்பாதி மேற்கரையிலும், நேர்நோக்கிற் படும் நடுப்பகுதி மடலின் நுனியில் மிகப் பெரிய இடத்திலும் பதியும்.

இதனை உலகம் அறிந்தது ஒருநாளில் அன்று. 1776-இல் இத்தாலி நாட்டுப் பார்மா நகரில் மருத்துவ மாணவராயிருந்த பிரான்சிஸ்கோ ஜென்னாரி என்பவர், மூளையை அறுத்து நோக்குங்காற் பிடரிப் புறத்தே வெண்கோடொன்று ஓடக் கண்டு, 1782-இல் அதனை வெளியிட்டார். அக்கோடு காட்சிக்குரிய இடத்தின் அடையாளமென்பது பிற்காலத்தார் அறிந்தது. 1855-இல் பவியா நகரத்துப் பார்த்தலோமியோ பனிட்சா, மூளையின் பின்பாகம் பழுதுற்றாற் குருடு நேருமெனக் கூறினார். 1904, 1905 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த ருசிய ஜப்பானியப் போரில் தலையிற் குண்டு பாய்ந்தும் உயிர்பிழைத்த வீரரை ஜப்பானியக் கண் மருத்துவர் தட்சுஜி இனோயே ஆராய்ந்தார். குண்டு புகுந்த வாயையும் வெளிப்பட்ட வாயையும் அளந்து, அது மூளையுட் சென்ற வழியைக் கணித்து, ஒவ்வொருவரும் இழந்த காட்சிப் பகுதியோடு ஒப்பிட்டு, 1909-இல் நூல் செய்தார். முதல் உலகப் போரிற் காயமுற்ற வீரரைக் கொண்டு பிரித்தானிய மருத்துவர் கார்டன் ஹோம்ஸ் அவ்வரைபடத்தைத் திருத்தமுறச் செய்தார். கொலைக்கெனச் செய்த குண்டு காட்சியின் வழியை அளக்குங் கோலாயிற்று.

பாதி மறைதல் என்பதனை ஓரெடுத்துக்காட்டான் விளக்கலாம். அம்மையப்பர் திருவுருவத்தின் முன் அன்பர் ஒருவர் நிற்கின்றார் எனக் கொள்க. திருமேனியின் வலப்பாகம் அப்பன், இடப்பாகம் அம்மை. எதிர்நிற்பார்க்கு அப்பன் தம் இடக்கைப் பக்கத்தும், அம்மை தம் வலக்கைப் பக்கத்துமாகத் தோன்றுவர். அவ்வன்பர் திருமுகத்தின் நடுவை நோக்கிக் கண்ணசையாது நிற்குங்கால், அவர்தம் இடப்புறப் பிடரி மடல் கட்டியாற் கெட்டிருப்பின் அம்மை பாகம் மறையும். வலப்புற மடல் கெட்டிருப்பின் அப்பன் பாகம் மறையும். வலக்கண்ணை மூடினும் மறைந்த பாகம் அதுவே. இடக்கண்ணை மூடினும் அதுவே. கண்ணின் நோய்க்கும் மூளையின் நோய்க்கும் உள்ள வேறுபாடு இதனாற் புலனாம். மற்றும், மறைந்த இடத்தில் இருள் தோன்றுவதுமில்லை. முதுகின்பின் உள்ள பொருள் எவர்க்கும் இருளாய்த் தோன்றாமை போல, அப்பாகம் வாளா இல்லையாய்ப் போம். கண்ணைச் சிறிது திருப்பியவுடன் மறைந்தது வெளிப்பட்டுவிடுதலின், தமக்கு ஒரு குறை உண்டென்பதையே அவர் நெடுநாள் அறியாதிருத்தலுங் கூடும்.

ஆயினும் குறை தன்னைச் சிறிது சிறிதாய்க் காட்டும். வாயிலிற் புகுங்கால் ஒரே தோள் பலகாலும் நிலையில் மோதும். ஒருபக்கத்தினின்று வருவார் திடீரெனத் தோன்றியவர் போல எதிர்ப்படுவர். திருமுறை ஓதுங்கால், இடப்பக்கங் கெட்டார்க்கு அடுத்த அடி தொடங்கும் இடம் அகப்படாது. வலப்பக்கங் கெட்டார்க்கு வரவிருக்குஞ் சீர் தோன்றாது. தமிழ் இடமிருந்து வலஞ் செல்லும் எழுத்தாதலின், பின்னவர் படும் பாடே பெரிது. சிலர்க்கு எழுத்துக்கள் தெரிந்தும் சொல் தெரியாது. 1892-இற் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஜூல் தெஜரின் வெளியிட்ட நோயாளி ஒருவர், இடப்புறப் பிடரி மடல் குருதியோட்டக் குறைவாற் கெட்டமையின், எழுதவல்லராய் இருந்தும் தாம் எழுதியதைத் தாமே படிக்கமாட்டாராயினார். கட்டியாலும் இந்நிலை நேரும். இத்தகையோர் கண்ணாடியை மாற்றியும், கண்புரை எனக் கருதியும் நாள் கழித்தல் இயல்பு. காலையில் மிகுந்து எழுந்து நாளும் வளருந் தலைவலி, காரணந்தோன்றாத வாந்தி, முன்னில்லாத வலிப்பு ஆகியவை உடன்தோன்றின் சிறிதுங் காலந்தாழ்த்தலாகாது.

ஈண்டுச் சைவ அன்பர்கள் சிறப்பாக நினைவிற் கொள்ளத்தக்க ஒன்றுண்டு. பிடரி மடலிற் கட்டியுற்றார் சிலர்க்கு, வலிப்பின் வகையாய், பல நிறங்கொண்ட வட்டங்களும் ஒளிப்பொறிகளுங் கண்முன் எழும். அவை பெரும்பாலும் ஒரே பக்கத்தில், ஒரே வடிவாய், சில நொடியளவில் தோன்றி மறையும். சிலபோது அறிவு மயங்குதலும் தொடரும். தியானத்தில் அமர்ந்திருப்பார் ஒருவர்க்கு இவை நிகழின், சோதி தரிசனங் கிடைத்ததென மகிழ்ந்து பிறர்க்குஞ் சொல்லாது மறைத்தல் கூடும். சுட்டி அறியப்படும் பொருள் யாவும் அசத்து என்பது ஆறாஞ் சூத்திரத்தாற் பெறப்படும் முடிபாதலின், நிறமும் வடிவுமுடைத்தாய்க் கண்முன் நின்று மறைவது சிவமாமாறு இல்லை. அன்னதொன்று அடுத்தடுத்துத் தோன்றுமாயின் மருத்துவரிடத்துச் சொல்லுதலே அறிவுடைமை. அதனாற் பத்தி குறைவதில்லை.

இனி, கட்டியெல்லாம் புற்றல்ல. மூளையைப் போர்த்த சவ்வினின்று தோன்றும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுத்தன்மையில்லாதது. மெல்ல வளர்ந்து புறத்தேயிருந்து மடலை நெருக்குவது. அதனை நீக்கியபின் பார்வை திரும்புதலும் உண்டு. புற்றாவன இருவகைய. நுரையீரல், மார்பகம், சிறுநீரகம் முதலிய இடங்களிற் பிறந்து குருதிவழியே வந்து மூளையிற் குடிகொள்வன ஒருவகை. முதிர்ந்தோரிடத்து இவையே மிகுதி. மூளையிலேயே பிறப்பன மற்றொரு வகை. இவற்றுள் நரம்பணுக்களைத் தாங்கி ஓம்பும் கிளையா அணுக்களின் இனமாகிய கிளையோமா தலைமையானது. தீமையின் ஏற்றத்தாற் கட்டிகளை 1 முதல் 4 வரை படியிடுவர். நான்காம் படியதாகிய கிளையோபிளாஸ்டோமா மிகக் கொடியது. அதன் வேரிழைகள் கண்ணுக்குப் புலனாகும் எல்லையைக் கடந்து நல்ல மூளையினுள்ளும் ஊடுருவி நிற்றலின், முற்ற அகழ்ந்தெடுத்தல் இயலாது. கிளையோமாக்கள் நெற்றி மடலினும் பொட்டு மடலினும் தோன்றுமளவு பிடரி மடலில் தோன்றுவதில்லை. தோன்றின் பார்வையையே முதலிற் பற்றும்.

1971-இல் இலண்டன் மாநகரத்து விம்பிள்டனில் உள்ள மருத்துவமனையில் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டு ஆக்கிய சி. டி. பொறி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. மண்டையைத் திறவாமலே கட்டியைக் காண வழி பிறந்தது. பின்னர் வந்த எம். ஆர். ஐ. என்னுங் காந்தப் படம் இன்னுந் தெளிவுடையது. எனினும் படம் ஐயத்தைத் தருமேயன்றித் துணிவைத் தருவதன்று. கட்டியிற் சிறிதெடுத்து ஆராய்ந்த பின்னரே அதன் இயல்பு துணியப்படும். ஐ. டி. எச். என்னும் மரபணுவிற் சில கிளையோமாக்கள் மாற்றமுற்றிருத்தல் 2008-இல் வெளியாயிற்று. அம்மாற்றமுடையார் நெடிது வாழ்தல் கண்டு, உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இற் செய்த பாகுபாடு அதனை அடிப்படையாக்கிக் கொண்டது. இரண்டாம் படியிலுள்ள அத்தகைய கட்டியை அடக்கும் வோராசிடெனிப் என்னும் மாத்திரை 2024-இல் அமெரிக்க நாட்டில் ஒப்புதல் பெற்றது.

கொடிய கட்டிக்கு அறுவை, கதிர் மருத்துவம், மருந்து என மூன்றும் அடைவே செய்யப்படும். 2005-இல் ரோஜர் ஸ்டப் முதலியோர் 573 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு இத்துறையிற் பெயர்பெற்றது. கதிர் மட்டும் பெற்றாரின் நடுவளவு வாழ்நாள் 12.1 மாதமாகவும், கதிரோடு டெமோசோலமைடு மருந்தும் பெற்றாரின் நடுவளவு வாழ்நாள் 14.6 மாதமாகவும் அதிற் கண்டனர். இரண்டரை மாதம் சிறிதே எனத் தோன்றலாம்; ஆயின், இரண்டாண்டு கடந்து வாழ்ந்தோர் நூற்றுக்குப் பத்தினின்று இருபத்தாறாய் உயர்ந்தனர் என்பதும் அவ்வாய்வே கூறுவது. அறுவையிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கட்டியை எவ்வளவு மிகுதியாய் நீக்கினால் அவ்வளவு நன்று. ஆயின் மிகுதியாய் நீக்குமிடத்து எஞ்சிய பார்வையுங் கெடுதல் நேரும். வாழ்நாளை நீட்டுதற்குப் பார்வையிற் பாதியை விலையாகக் கொடுப்பதோ என்பது நோயாளி தாமே ஆராய்ந்து துணிதற்குரியது. அவர் அறியாமல் உற்றார் மறைத்து முடிவுசெய்தல் முறையாகாது.

இனி உலகாயதர் கூறுமாறு: “பிடரி மடல் கெடவே காட்சி கெட்டது. வேறு மடல் கெடிற் சொல்லும் நினைவுங் கெடுகின்றன. ஆகலின் காண்பதும் நினைப்பதும் மூளையே. உயிரென வேறொன்று வேண்டப்படாது.” இவ்வினா இகழ்ந்து ஒதுக்கத்தக்கதன்று, நோயுற்றார் படுக்கையருகிருந்து அவர் மாறுதலை நாளும் காண்பார் உள்ளத்தில் தானே எழுவது.

இதற்கு விடை: கருவியின்றியே உயிர் காணும் எனச் சித்தாந்தம் யாண்டுங் கூறிற்றில்லை. கருவியொடு கூடாத கேவல நிலையில் உயிர் ஒன்றையும் அறியாது ஆணவ இருளிற் கிடக்கும் என்பதே அதன் கொள்கை. அவ்விருளில் உழலும் உயிருக்கு, விடியுமளவும் உதவும் விளக்காக, மாயையினின்று உடம்பையுங் கருவிகளையும் இறைவன் கூட்டிக் கொடுத்தான். மூன்றாஞ் சூத்திரம் உடம்பினை மாயையாலாகிய இயந்திரமென்றே கூறும். கண் என்னும் இந்திரியம் வேறு, அது தங்கி நின்று தொழில்புரியும் கோளகம் வேறு என்பதும் நூல்வழக்கு. விழி மட்டுமன்றி நரம்பும் பிடரி மடலும் அக்கோளகத்தின் தொடர்ச்சி எனக் கொள்ளுதலில் தடையொன்றும் இல்லை. விளக்கிற் கரியேறினால் அறையிலுள்ளார்க்குப் பொருள் தோன்றாது. அதுகொண்டு அறையில் எவரும் இல்லை என்பது பெறப்படாது. எனவே, கருவி கெடத் தொழில் கெடும் என்பது இருதிறத்தார்க்கும் உடன்பாடாகலின், கட்டியைச் சான்றாக்கி உயிரை மறுத்தல் பொருந்தாது. உயிருண்மை “எனது உடம்பு” எனப் பிரித்துக் கூறும் அறிவு முதலியவற்றான் அளவை முறையிற் சாதிக்கப்படுவது. பார்வையிற் பாதியை இழந்தாரும் “என் பார்வை குறைந்தது” என்றே கூறுவர். “யான் பாதியானேன்” எனக் கூறார்.

மற்றொரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. இங்கிலாந்தில் டி. பி. என்னும் முதலெழுத்துக்களாற் குறிக்கப்பட்ட ஒருவர்க்கு, புற்றன்றிக் குருதிக்குழாய்களின் பின்னல் காரணமாக, வலப்புறப் பிடரி மடலின் ஒரு பகுதி நீக்கப்பட்டது. இடப்பக்கத்தில் தாம் எதனையுங் காணவில்லை என அவர் சொன்னார். ஆயினும், அங்கே தோன்றிய ஒளிப்புள்ளியை ஊகித்தாவது சுட்டுக என வேண்டியபோது, பெரும்பாலும் பிழையாமற் சுட்டினார். லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் முதலியோர் 1974-இல் இதனை வெளியிட்டனர். கண்ணினின்று வேறுவழியாய்ச் செல்லும் நரம்பிழைகளை மருத்துவர் இதற்குக் காரணங் காட்டுவர், அது பொருத்தமே. ஒளியைக் கருவி ஏற்றுத் தொழில்புரிதல் வேறு, “காண்கின்றேன்” என ஒருவர் அறிதல் வேறு என்பது மட்டும் இதனால் தெளிவாம். அவ்வறிதல் எதனதென்பதே சித்தாந்தம் ஆராயும் பொருள்.

இருபுறப் பிடரி மடலும் கெட்டார் நிலை இன்னும் வியப்புடையது. கட்டியால் இது நேர்தல் அரிது. குருதியோட்டத் தடையாலே மிகுதியும் நேரும். முற்றுங் குருடரான பின்னரும் அவருட் சிலர் தாம் குருடர் என்பதை அறியார். காண்கின்றோம் என்றே சாதிப்பர். எதிரில் இல்லாதவற்றை உள்ளனவாகக் கூறுவர். ஆஸ்திரிய மருத்துவர் காபிரியேல் அன்டன் 1899-இல் இதனை விரித்துரைத்தார். உரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செனிக்கா என்னும் அறிஞர் தம் கடிதமொன்றில், தம் மனையிலிருந்த ஹர்ப்பஸ்தே என்பவள் திடீரெனப் பார்வையிழந்தும் அதனை அறியாளாய், வீடு இருண்டிருக்கின்றது, வேறிடத்திற்குக் கொண்டுசெல்க என ஏவலரை வேண்டினாள் என்றும், மக்கள் எல்லாரும் தம் குற்றத்தைப் பொறுத்தமட்டில் அவளை ஒத்தவரே என்றும் எழுதியுள்ளார். உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் இருள்மல நிலையை உரைக்குமிடத்து, புறவிருள் பொருளை மறைத்தாலும் தன்னைக் காட்டும், ஆணவமோ தன்னையுங் காட்டாது என்னும் நுட்பத்தை வைத்தருளினார். இந்நோயாளரது நிலை அந்நுட்பத்திற்கு உடம்பளவில் ஓர் உவமையாகும். உவமை என்றதனால், அந்நோயாளர் ஆணவம் மிக்கவர் என்பது கருத்தன்று. அவரைக் கண்டு நகுவார்க்கும் அதே மறைப்பு உயிரளவில் உண்டென்பதே கருத்து.

குருடென்பது குறைவு மட்டுமே எனவுங் கருதற்க. பிறவியிற் பார்வையிலாதாரும் இளமையில் அதனை இழந்தாரும் புடைப்பெழுத்தை விரலாற் படிக்குங்கால், அவர்தம் பிடரி மடல் தொழிற்படுதலை 1996-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். காட்சிக்கென அமைந்த இடம் அவர்க்குத் தொடுவுணர்வின் இடமாயிற்று. திருவாரூர்க் குளத்தைத் தறி நட்டுக் கயிறு கட்டித் தடவிச் சென்று கல்லிய தண்டியடிகள் பிறவியிலே கண்காணாதவர். அடிகளுக்கு ஐயன் கண் தந்தது பின்னர். தொண்டு செய்தற்குரிய அறிவு முன்னரே இருந்தது.

நோயெல்லாம் வினைப்பயன் என்பது உண்மையாயினும், “இஃது இன்ன வினையின் பயன்” என நோயாளி முகத்தெதிரே சொல்ல எவர்க்கும் உரிமையில்லை. மிகுந்த கதிர்வீச்சும் அரிய சில குடிவழிக் கூறுகளும் தவிர, இக்கட்டிக்குக் காரணமாகத் துணியப்பட்டது சிறிதே. பெரும்பாலார் எத்தவறுஞ் செய்யாமலே இதற்கு ஆளாகின்றனர். வினையை ஊட்டுவோன் இறைவன் என்னும் சைவர், மருந்தை விளைவித்தவனும் மருத்துவர்க்கு அறிவு தந்தவனும் அவனே என்பதை மறத்தலாகாது. சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு இவ்விடத்துப் பெரிதும் ஆறுதல் தருவது. திருவொற்றியூர் எல்லையைக் கடந்தபோது இரு கண்ணும் இழந்த நாயனார்க்குத் திருவெண்பாக்கத்திற் கிடைத்தது ஊன்றுகோல். காஞ்சியிற் கிடைத்தது இடக்கண். திருவாரூரிற் கிடைத்தது வலக்கண். தோழமை கொண்ட பெருமானே கண்ணுக்கு முன் கோலைக் கொடுத்தான். நாயனார் அக்கோலை ஊன்றியே வழிநடந்தார், பாடுதலையும் விட்டாரல்லர்.

கட்டியுற்றார்க்கு மருத்துவமும், கைபிடித்து நடத்துவாரும், மறைந்த பக்கத்தை நோக்கிக் கண்ணைத் திருப்பப் பழக்கும் பயிற்சியும், அருகிருந்து திருமுறை படித்துக் காட்டுவாரும் அத்தகைய கோலாவர். படிக்குந் திறன் போயினும், இளமையில் நெட்டுருச் செய்த பதிகம் நாவில் நிற்றல் உண்டு. செவியும் நாவும் பிடரி மடலைச் சார்ந்தன அல்லவாதலின். சைவக் குடும்பங்களில் உள்ளார் கண் நன்றாயிருக்கும் நாளிலேயே திருமுறையை மனப்பாடஞ் செய்தலும், பார்வையிற் பக்கமொன்று மறைவார் உளராயின் அன்றே மருத்துவரிடம் அழைத்தேகலும், குணமாகாத நோயுற்றாரைத் தனியே விடாது உடனிருத்தலும் செய்யத்தக்கன. உடனிருந்து காட்டுதல் இறைவன் உயிர்களுக்குச் செய்யும் உதவி. அவ்வுதவியின் ஒரு துளியை அடியார் அடியார்க்குச் செய்தல் சிவபூசையின் வேறன்று.

திருச்சிற்றம்பலம்.